பதினாறாவது வரி

சம்பளக் கணக்கெடுப்புப் படிவம்
மூன்றாவது முறையாக வந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.
துவாஸில் நல்ல மழை.
தகரக் கூரை போடுகிற சத்தத்தில்
தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும்
சரி சரி என்கிறேன்.

பணி: பற்றவைப்பாளர், குழாய்.
குறைந்தபட்சம், இடைநிலை, அதிகபட்சம்.
கட்டம் மூன்று.
எங்கள் பட்டறையில் வெல்டர்கள் முப்பத்தொரு பேர்.

குறைவிலிருந்து அடுக்கினேன்.
முதல் வரியில் மொஃபிசுல்,
போன மாதம்தான் டெஸ்ட் பாஸானவன்,
மணிக்கு நாலு வெள்ளி இருபது காசு.
கடைசியில் லியாவ், பதினைந்து வெள்ளி.
இருபத்தாறு வருடமாக இருக்கிறார்,
முதலாளியைப் பெயர் சொல்லித் திட்டக்கூடிய ஒரே ஆள்.
அவருக்கு மூன்று வரி முன்னால் குணாளன்.
ஸ்கூடாயிலிருந்து விடியுமுன் மூன்றரைக்கு
மோட்டார்சைக்கிளை எடுக்கிறவர்.
பாலம் தாண்டினால் அவர் சம்பளம் மூன்று மடங்கு,
தூக்கம் பாதி.
படிவம் இரண்டையும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றுக்கு நடு, பதினாறு.
விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன்.
சூசைமாணிக்கம் அ.
ஆறு வெள்ளி எண்பது காசு.

இடைநிலை அளவு
பள்ளியில் வெறும் எண்ணாக இருந்தது,
தேர்வில் இரண்டு மதிப்பெண்.
அதற்கு மணிக்கட்டு முழுக்கத் தீப்புள்ளி இருக்கும்,
கோப்பிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லும்
என்றெல்லாம் அந்த டீச்சர் சொல்லவில்லை.

ஒருமுறை கையெழுத்து வாங்கக் கீழே போயிருந்தேன்.
சுவரை ஒட்டி ஒரு குழாய்.
பின்பக்கம் தலை நுழையாது.
சவரக் கண்ணாடி ஒன்றைக் காந்தத்தில் நிறுத்தி
அதில் தெரிந்த நெருப்பைப் பார்த்துப்
பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
கண்ணாடிக்குள் தீ ஒரு பக்கம் நகர,
கை வேறு பக்கம் போனது.
எப்படிண்ணே என்றேன், அவர் முகமூடியைத் தூக்கியதும்.
"மொத ரெண்டு வருஷம் தப்பாத்தான் போச்சு."

திறன்: அடிப்படை / நடுத்தரம் / உயர்தரம்.
ஏதேனும் ஒன்றில் குறியிடவும்.

மூன்று மணிக்கு அவரே வந்தார்.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
ஈரக் காலுறையோடு கவுண்டருக்கு அந்தப் பக்கம்.
எதிர்ச்சாரி யார்டில் எழுபது காசு கூடத் தருகிறார்களாம்.
இங்கே கூட்டிக் கேட்டால்
முதலாளி பாத்தாமைக் காட்டுவார்,
அங்கே பாதிக் கூலிக்கு ஆள் நிற்கிறது என்று,
எப்போதும் தவறான ஜன்னல் வழியாக.

"பெர்மிட் அடுத்த மாசம் முடியுது.
இந்த வேலைக்கு வெளிய என்ன ரேட்டுன்னு
உங்களுக்குத் தெரியும்ல, தமயந்தி மேடம்?"

தெரியும்.
போன வருட அறிக்கை என் இழுப்பறையில் இருக்கிறது.
மேலே சிவப்பு எழுத்தில் ரகசியம்.
வட்டாரத்தின் நடு, எட்டு வெள்ளி பத்துக் காசு.
எங்கள் நடுவில் நிற்கிறவர்
வெளியே போனால் வரிசையின் வாலில் நிற்பார்.

அறிக்கையைப் பற்றிப் பேசக்கூடாது.
ஸ்டேப்ளரை மூடினேன், திறந்தேன்.
"எழுபது காசுக்கு ஒத்துக்காதீங்க" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
அந்தக் குழாயின் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி.
பிறகு தலையாட்டிவிட்டு
பூட்ஸ் கயிற்றை மெதுவாகக் கட்டினார்,
இரண்டு முடிச்சு.

அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று
சும்மா அந்த வரியை அழித்துப் பார்த்தேன்.
முப்பது பேர். நடுவில் ஆளில்லை.
பதினைந்தில் சோ தூரா, ஆறு ஐம்பது.
அடுத்து கருப்பண்ணன், ஏழு பத்து.
கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்.

ஆறு வெள்ளி எண்பது காசு.

அதே எண்தான்.
அதை வாங்குகிற ஆள்தான் பட்டறையில் இல்லை.
படிவத்துக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
உயர்தரத்தில் குறியிட்டேன்,
ஒரு குறிதான் போட முடிந்தது.
கீழே அவர் இடத்தில் நெருப்பு மறுபடி பற்றியது.
மழை விட்டிருந்தது போல,
தொலைபேசியில் யாரோ
கடைசியாக நான் எதற்குச் சரி சொன்னேன் என்று
கேட்டுக்கொண்டிருந்தார்கள்.